தொண்ணூறை நூறு என்று எழுதினாள்

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். எண்களைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அதுதான் அன்றைய வீட்டுப்பாடம். நான் சொல்கிறேன், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் எழுதுகிறாள். எழுபத்து நான்கு, சரி. எண்பத்து மூன்று, அதுவும் சரி. தொண்ணூறு என்றேன். 100 என்று எழுதினாள். பார்த்தும் பார்க்காத மாதிரி தொண்ணூற்று மூன்று என்றேன். 103. முந்தைய நாள்தான் 1 முதல் 100 வரை ஒரு தப்பு இல்லாமல் வரிசையாக எழுதி நட்சத்திரம் வாங்கியிருந்தாள், அதனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நேத்து எழுதினியே, அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று குரலை உயர்த்தினேன். உதடு பிதுங்கியது, பென்சில் மேசைக்குக் கீழே உருண்டது, அன்றைய படிப்பு அத்தோடு முடிந்தது.

படுக்கப் போகும்போது மனசு கேட்காமல் மெதுவாகக் கேட்டேன். "குட்டி, தொண்ணூறுக்கு எப்படி நூறு போட்ட?" அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் கூட இருந்தது. "நூறுன்னுதானே முடியுதுப்பா."

யோசித்துப் பாருங்கள். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று வரிசையாக எல்லாம் 'பது' என்று முடிகின்றன. அடுத்தது மட்டும் திடீரென்று 'நூறு' என்று முடிகிறது. இந்த விநோதத்துக்குத் தமிழின் மிகப் பழைய இலக்கண நூலே தனியாக ஒரு விதி எழுத வேண்டியிருந்திருக்கிறது. (தொள்ளாயிரத்துக்கும் அதே கதைதான், ஆயிரம் இல்லாத இடத்தில் ஆயிரம்.) ஆறு வயதுப் பிள்ளை காதால் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறாள். முந்தைய நாள் எழுதியது வரிசை. 89-க்குப் பக்கத்தில் 90 வரும் என்று கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த 90-க்குப் பெயர் தொண்ணூறு என்பது அவளுக்குள் இன்னும் போய் உட்காரவில்லை. அவள் எதையும் மறக்கவில்லை. நட்சத்திரம் வாங்கிய நோட்டைப் பார்த்து நான்தான் ஏமாந்திருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் படிக்க வைப்பது என்றால் என்ன என்று நான் நினைத்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதுவரைக்கும் என் வேலை, வகுப்பில் நடந்ததை இன்னொரு தடவை நடத்துவது. டீச்சர் ஒரு தடவை சொன்னதை நான் நாலு தடவை சொல்வேன், கொஞ்சம் சத்தமாக. ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு டீச்சரால் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் இது எப்படி வந்தது என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே அரை மணி நேரம் போய்விடும். வீட்டில் என் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு பிள்ளை.

கேள்வி சின்னதுதான். "இது எப்படி வந்துச்சு, சொல்லேன்." ஆனால் நான் முதல் வாரமே ஒரு தவறு செய்தேன். தப்பாக எழுதினால் மட்டும்தான் கேட்டேன். மூன்றாம் நாள் நான் வாயைத் திறந்ததும் அவள் ரப்பரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அப்பா 'எப்படி' என்றால் அது தப்பு என்று கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகள் இதில் எல்லாம் பயங்கர கெட்டி. அப்புறம் சரியான விடைக்கும் கேட்க ஆரம்பித்தேன், சொல்லப்போனால் சரியான விடைக்குத்தான் அதிகம் கேட்டேன். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. சரியாக எழுதிய சில விடைகள் தப்பான வழியில் வந்திருந்தன. படத்தில் ஐந்து பட்டாம்பூச்சி என்று சரியாக எழுதியிருந்தாள். எப்படி என்றால், "மேல இருக்கிற கணக்குக்கு நாலு, அதனால இதுக்கு அஞ்சு." படத்தை அவள் எண்ணவே இல்லை.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் வீட்டில் அதிகச் சண்டை அதில்தான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. எண்ணைக் கேட்டாலே பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். அவள் க கா கி கீ வரிசையை ராகத்தோடு சொல்வாள், சுவரில் இருக்கிற சார்ட்டில் விரலும் ஓடும். கேட்க ஆசையாக இருக்கும். ஒரு நாள் கவனித்தேன், வாய் 'கே'யில் இருக்கிறது, விரல் 'கூ'வில் இருக்கிறது. பாட்டு தனியாக ஓடுகிறது, விரல் தனியாக ஓடுகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சீட்டில் 'மீ' என்று மட்டும் எழுதிக் காட்டினேன். உதடு அசைந்தது. ம, மா, மி, மீ. முதலிலிருந்து ஏறி வந்துதான் அந்தப் படியில் நிற்க முடிகிறது. பெரியவர்கள் நாமும் ஒரு பாட்டின் நடுவரியை நினைவுபடுத்த முதல் வரியிலிருந்து முனகுகிறோமே, அப்படித்தான்.

வரிசை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசை தெரிந்தால் அகராதி பார்க்கலாம், பின்னால் உதவும். ஆனால் வாசிக்கிற கண்ணுக்கு வரிசை கிடைப்பதில்லை, எழுத்துகள் கலைந்துதான் வரும். அதனால் சார்ட்டைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவிட்டு, புத்தகத்தில் முதலில் வந்த நாலைந்து எழுத்துகளை மட்டும் எடுத்துச் சீட்டில் எழுதி மாற்றி மாற்றி வைத்தோம். ப, ட, ம, ர, ம். படம், மரம், பட்டம் என்றால் இன்னொரு புள்ளி வைத்த ட். அவளாகவே 'மடம்' என்று ஒன்றைச் செய்துவிட்டு அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். ஐந்தாறு எழுத்துக்குள் இத்தனை சொல் ஒளிந்திருக்கிறது என்பதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. 216-ஐ 216 படங்களாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கால் போட்டால் நீளும், கொம்பு போட்டால் இப்படி மாறும் என்று குறிகளைப் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். உகர ஊகார வரிசை மட்டும் அடங்காது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மூ வேறு மாதிரி. அதைத் தனியாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

கொம்புதான் அவளைக் கொஞ்ச நாள் படுத்தியது. 'கெ' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதுக்கு முதலில் வருவது க். இடமிருந்து வலமாக வாசி என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம், அவளும் அப்படியே கொம்பைத் தாண்டும்போது 'எ' என்று சொல்லிவிட்டு அப்புறம் 'க' என்பாள். 'கொ' இன்னும் மோசம், எழுத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், நடுவில் மாட்டிக்கொண்ட க. அதைக் 'கெ' 'ர' என்று வாசித்தாள், துணைக்கால் அவள் கண்ணுக்கு ர மாதிரி இருந்திருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கவில்லை என்றால் இதை நான் கவனக்குறைவு என்று எழுதி மூடியிருப்பேன். கொம்பையும் எழுத்தையும் காலையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டுக் காட்டினோம், "இது எல்லாம் ஒரே ஆள், ஒரே சத்தம்." பத்து நாள் வட்டம் போட்டோம். அப்புறம் வட்டம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, காகம். அவள் 'காக்கம்' என்று வாசித்தாள். க என்றால் இந்தச் சத்தம் என்று சொல்லிக்கொடுத்தது நாம், சொல்லுக்கு நடுவில் தனியாக வந்தால் அது மெலிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. படம், பட்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாதை, பத்து இரண்டையும் வைத்து, ஒன்றாக இருந்தால் மெதுவாக, ஜோடியாக இருந்தால் அழுத்தமாக என்று அவளே கண்டுபிடிக்க விட்டேன். விதியாகச் சொன்னபோது ஏறாதது, இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்ததும் ஏறியது. நடுவில் தாத்தா வேறு ஒரு நாள் அவளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று 'மலை'யில் லகரத்துக்கு, யானைத் தும்பிக்கை மாதிரி வளைகிற பழைய ஐகாரக் குறியைப் போட்டுவிட்டார். அவர் எழுதப் படித்தது 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால், கை அப்படித்தான் போகும். இவள் அதை ஒரு படம் என்று நினைத்து வண்ணம் தீட்டிவிட்டாள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எழுத்துப்பிழை மாதிரி சட்டென்று கண்ணால் பார்க்க முடியாது. வீட்டில் நாம் பேசுகிற தமிழும் பாடப் புத்தகத்தில் இருக்கிற தமிழும் வேறு வேறு. "அவங்க வந்தாங்க" என்று சொல்கிற பிள்ளை "அவர்கள் வந்தார்கள்" என்று வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டி அ-வ-ர்-க-ள் என்று வந்து சேர்ந்துவிட்டாலும், சேர்ந்த சொல் அவளுக்கு யாரோ புது ஆள் மாதிரி இருக்கிறது. எழுத்துத் தெரியும், சொல் தெரியவில்லை. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு பேர் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், கேட்டால் புரியும் திறன் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் என்றால் ஒன்று குறைந்தால் இன்னொன்று தாங்கும். பெருக்கலில் ஒன்று பூஜ்யம் என்றால் எல்லாம் பூஜ்யம். எனக்கு இது புரிந்தபோது, இரவு கதை படித்துக் காட்டுவதை நான் விளையாட்டு நேரம் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். புத்தகத் தமிழ் அவள் காதில் விழுவதற்கு வேறு வழி இல்லை. படிக்கும்போது புத்தகத்தில் இருக்கிறபடியே படிக்கிறேன், பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதில்லை. "ஓடினான்" என்றால் "ஓடினான்"தான். புரியாத இடத்தில் நிறுத்தினால் பேச்சில் சொல்லிவிட்டு மறுபடி அந்த வரியைப் படிப்பேன். சில வாரத்தில் அவள் பொம்மைகளிடம் "நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அவளாகவே எழுதுகிற எழுத்தில் நான் சிவப்பு மை வைப்பதில்லை. "நான் இன்று பல்லிக்குப் போனேன்" என்று எழுதினாள். ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளை வேறு எப்படி எழுதும்? நான் சுவரில் இருக்கிற பல்லியைக் காட்டி "இதுக்கிட்டயா போன?" என்றேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அந்த ஒரு சொல்லில் ள இனிமேல் தப்பாது. ஆனால் அதே பக்கத்தில் இருந்த மற்ற ஏழு பிழைகளை அப்படியே விட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் திருத்தினால் அடுத்த நாள் அவள் தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதுவாள், அம்மா, அப்பா, பூ, பூனை என்று. அது எனக்குப் பல்லியைவிடக் கவலையாக இருக்கும்.

இங்கே டீச்சர் சொன்ன ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் நான் வீட்டுப்பாட நோட்டை மிகச் சுத்தமாக அனுப்புவேன். தப்பு இருந்தால் அழித்து, திரும்ப எழுத வைத்து, எல்லாம் சரியான பிறகுதான் பைக்குள் போகும். பெற்றோர் சந்திப்பில் டீச்சர் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு நோட்டைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க, வகுப்புல ஒரு மாதிரி எழுதுறா, வீட்டுல ஒரு மாதிரி எழுதுறா" என்றார். பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன், வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவளுக்கு எது வரவில்லை என்று டீச்சர் தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே கடிதத்தை நான் தினமும் ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்தேன். இப்போது தப்பு தப்பாகவே போகிறது. சில நாள் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுகிறேன்: "தொண்ணூறு வரிசையில் குழப்பம் இருக்கிறது", "இதை நான் உதவி செய்து எழுதியது". அவரும் ஒரு வரி எழுதி அனுப்புவார். சந்திப்பு நாளில் பத்து நிமிடத்தில் பேச முடியாததை அந்த ஓரத்தில் பேசிக்கொள்கிறோம். அவர் எந்த முறையில் கூட்டல் சொல்லித்தருகிறார் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நான் சின்ன வயதில் கற்ற முறையை அதற்கு மேல் ஏற்றி வைத்து, பிள்ளையை இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தியிருந்தேன் என்பதையும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. முன்பெல்லாம் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பேன். அதில் ஒரு மணி நேரம் அழுகை, அதட்டல், தண்ணீர் குடிக்கப் போவது, பென்சில் சீவுவது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் 2006-ல் தன் குழுவோடு வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேல் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தெரிந்த தொடர்பு சின்ன வகுப்புகளில் மிகவும் மெலிந்து போனது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்குப் பல ஆசிரியர்கள் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பத்து, இரண்டாம் வகுப்புக்கு இருபது. நாங்கள் பதினைந்துக்குள் நிறுத்திவிடுகிறோம், முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதி அனுப்புகிறோம். ஒரே விஷயத்தை ஒரே நாளில் அரை மணி நேரம் இழுப்பதைவிட நாலு நாள் நாலு நிமிடம் என்று பிரித்தால் நன்றாகத் தங்குகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னைத்தானே சோதனை எலியாக வைத்து அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து பார்த்து எழுதிவைத்தது. பள்ளி விட்டு வந்ததும் ஆரம்பிப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் அவள் வேறு ஆள். நாள் முழுக்க வரிசையில் நின்று, கையைக் கட்டி, பேசாமல் இருந்து, அடக்கி வைத்ததை எல்லாம் வீட்டு வாசலில்தான் கொட்டுவாள். அந்த நேரத்தில் "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்ற பதில் நிச்சயம். "இன்னைக்கு வகுப்புல யாரு ரொம்பச் சிரிச்சா?" என்று கேட்டால் அரை மணி நேரக் கதை வரும், அந்தக் கதைக்குள்ளேயே பாடமும் வந்துவிடும். தூக்கத்தில் மட்டும் சமரசம் கிடையாது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. வீட்டுப்பாடம் முடியவில்லை என்று பத்து மணி வரை விழிக்க வைத்தால் மறுநாள் வகுப்பே வீண்.

கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அதை மறைக்காமல் "அப்பாவுக்கும் கணக்கு வராது" என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிள்ளையோடு நெருக்கமாக இருக்கிறோம் என்று நினைப்பு வேறு. 2015-ல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வந்த ஓர் ஆய்வைப் படித்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். கணக்கைக் கண்டு பதறுகிற பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவி செய்த வீடுகளில், வருட முடிவில் பிள்ளைகள் கற்றது குறைவாக இருந்தது, பயமும் கூடியிருந்தது. அதே பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் அப்படி இல்லை. ஆக நான் உதவி என்று நினைத்துக் கொடுத்தது என் பதற்றத்தை. அதனால் எங்கள் வீட்டில் கணக்கு இப்போது பெரும்பாலும் மேசைக்கு வெளியே நடக்கிறது. பத்துச் சட்டைப் பொத்தான்களை உள்ளங்கையில் வைத்து, சிலதை மூடி, "எத்தனை ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்பது, தாயக்கட்டையையோ பகடையையோ உருட்டிப் புள்ளியை எண்ணாமல் பார்த்த உடனே சொல்வது, இந்த மாதிரி. ஏழும் மூன்றும் பத்து, ஆறும் நான்கும் பத்து என்பது விரலுக்கும் கண்ணுக்கும் பழகிவிட்டால் 8 + 5 வரும்போது இரண்டை எடுத்துப் பத்தாக்கி மீதி மூன்று என்று போவதற்கு வழி திறந்துவிடுகிறது. விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து என்ற எண்ணை உடம்பிலேயே வைத்திருக்கிற பிள்ளையிடமிருந்து அதை ஏன் பிடுங்க வேண்டும், தேவை தீர்ந்ததும் தானாக நின்றுவிடும்.

சமக்குறியில் ஒரு வேடிக்கை நடந்தது. 5 = 2 + 3 என்று நான் எழுதியதைப் பார்த்து, "அப்பா தப்பு, திருப்பி எழுதிட்டீங்க" என்றாள். அவளுக்குச் சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று கை காட்டுகிற பலகை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு என்ற பொருள் அதில் அவளுக்கு இல்லை. இது அப்படியே வளர்ந்தால் 8 + 4 = ☐ + 5 என்ற கணக்கில் பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூடக் கட்டத்துக்குள் 12 என்று எழுதுகிறார்கள். ஏழு என்று தோன்றாது, ஏனென்றால் சமக்குறிக்குப் பிறகு விடை வர வேண்டுமே. ஒரு அளவுகோலை விரல்மேல் வைத்து இரண்டு பக்கமும் பொத்தான் வைத்து விளையாடினோம். முழுசாகப் புரிந்ததா என்று கேட்டால், பாதி.

3-ஐ இன்னும் சில நாள் திருப்பித்தான் எழுதுகிறாள். இதில் நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். ஒரு கோப்பையின் கைப்பிடி இடது பக்கம் இருந்தாலும் வலது பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று பிறந்ததிலிருந்து கண் பழகியிருக்கிறது, திடீரென்று எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டும் திசை முக்கியம் என்கிறோம். ஏழு வயது வாக்கில் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்குப் பிறகும் அதிகமாக இருந்தால், வாசிப்பும் கூடவே திணறினால், டீச்சரிடமும் மருத்துவரிடமும் பேச வேண்டும். கண்ணையும் காதையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுவது நல்லது, இதை நான் அழுத்திச் சொல்வேன். உறவில் ஒரு பையன் கரும்பலகையில் இருப்பதைத் தப்புத்தப்பாக எழுதி வந்து தினமும் திட்டு வாங்கினான். கண்ணாடி போட்ட மறுநாள் மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது என்று வந்து சொன்னானாம். பிள்ளைகளுக்கு மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். பென்சில் பிடிக்கிற கைக்கும் நோட்டில் எழுதிப் பழகுவது மட்டும் போதாது. களிமண் பிசைவது, கத்தரியால் வெட்டுவது, துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது எல்லாம் விரலுக்கு வலு. நீளப் பென்சிலைவிடக் கட்டைப் பென்சிலில் பிடி சரியாக வருகிறது, எறியப்போன துண்டுகளை எல்லாம் நான் இப்போது சேர்த்து வைக்கிறேன்.

எல்லா நாளும் இவ்வளவு பொறுமையாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். போன வாரம்கூட அலுவலக எரிச்சலோடு உட்கார்ந்து, எப்படி வந்தது என்ற கேள்வியையே போலீஸ் விசாரணை மாதிரி கேட்டு, மனைவி வந்து நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். அது சரியான முடிவுதான். அந்த மாதிரி நாளில் பதினைந்து நிமிடம்கூட வேண்டாம், நேராகக் கதைக்குப் போய்விடலாம்.

நேற்று கழித்தல் எழுதினாள். 6 − 2 = 5. 7 − 3 = 5. 9 − 4 = 6. மூன்றும் தப்பு, ஆனால் பாருங்கள், மூன்றிலும் சரியாக ஒன்று மட்டும் கூட இருக்கிறது. ஏழிலிருந்து பின்னால் எண்ணும்போது ஏழையும் ஒன்று என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏழு, ஆறு, ஐந்து, மூன்று எண்ணியாகிவிட்டது, விடை ஐந்து. அப்படியும் இருக்கலாம், வேறு ஏதாவது இருந்தாலும் ஆச்சரியமில்லை, தொண்ணூறில் நான் நினைத்தது எங்கே, அவள் சொன்னது எங்கே. நோட்டை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். இன்று விளையாடிவிட்டு வரட்டும், கேட்கிறேன்.